விஎச்எஸ் கல்யாண கேசட்டை 'எச்டி'யாக மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

1993 கல்யாணம், மூன்று மணி நேர இ-180 கேசட். "1080பி எச்டியில் போட்டுத் தருகிறோம்" என்ற கடைக்கு 900 ரூபாய் கொடுத்ததற்குக் கிடைத்தது பென் டிரைவில் 1.4 ஜிபி எம்பி4 ஃபைல் ஒன்று. கேசட்டும் கசங்கித் திரும்பியது. கடையின் பெயர் வேண்டாம்; அங்கே என்ன தப்பு நடந்தது, எதனால் நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் அந்த எச்டி. நம் நாட்டு 'பால்' (PAL) டிவி முறையில் திரையில் தெரியும் வரிகளே 576தான். குறுக்குவாட்டில் விஎச்எஸ்ஸின் தெளிவு சுமார் 240 வரி. 720x576இல் எடுத்தாலே டேப்பில் உள்ளது முழுக்க வந்துவிடும். 1920x1080 என்பது அதை இழுத்துப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். 4:3 படத்தை 16:9க்கு இழுத்ததால் மணப்பெண்ணின் வட்டப் பொட்டு முட்டை வடிவமாகிவிட்டது. மூன்று மணி நேரம் 1.4 ஜிபியில் அடங்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட். பழைய விசிடியே 352x288 படத்துக்கு 1.15 மெகாபிட் செலவழித்தது. இங்கே மாலையில் பூ தெரியவில்லை, சிவப்புத் திட்டுதான் தெரிகிறது.

டேப்பில் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரி கொண்ட பாதிப் படங்கள், உண்டு. கடையில் இரண்டிரண்டாகக் கலந்து 25 ஃபிரேம் ஆக்கிவிட்டார்கள். அட்சதை தூவும் கைகள் எல்லாம் இரட்டையாகத் தெரிகின்றன. இப்படிக் கலந்துவிட்டால் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் பழையபடி சுத்தமாகப் பிரிக்க முடியாது.

மனதை அறுத்தது தாலி கட்டும் இடம். அங்கே மூன்று நொடி வெறும் நீலத் திரை. வீட்டில் எல்லோரும் பாஸ் போட்டுப் பார்த்த இடம் அது. பாஸில் டேப் நிற்கும், டேப்பைப் படிக்கும் ஹெட் உள்ள டிரம் மட்டும் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றிக்கொண்டு அதே இடத்தைத் தேய்க்கும். அதனால் சிக்னல் பலவீனமாகும். சிக்னல் குறைந்தால் நீலத் திரை காட்டும் 'புளூ பேக்' வசதி கேசட்டை ஓட்டும் விசிஆர் மெஷின்கள் பலவற்றில் உண்டு. பதிவுக்கு முன் மெனுவில் அதை அணைக்க வேண்டும். கடையில் அணைக்கவில்லை. படம் டேப்பில் இருந்தும் ஃபைலில் வரவில்லை.

ஒலியும் விலகியது. கடைசியில் வரவேற்புக் கச்சேரியில் பாடுபவர் வாயை மூடிய பிறகும் 4 நொடி பாட்டு கேட்கிறது. அப்படியென்றால் வழியில் சுமார் 100 ஃபிரேம் பதிவாகாமல் விடுபட்டுவிட்டது. விசிஆர் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சியில் விசிஆரை நேராக இணைத்தால் இதுதான் நடக்கும். டேப்பிலிருந்து வரும் வரிகள் சீரான நேரத்தில் வருவதில்லை. அதைச் சீர்படுத்துவது டைம் பேஸ் கரெக்டர் (டிபிசி) என்ற கருவி. அது இல்லாததால் மணமேடைத் தூண்களும் நெளிகின்றன. தனி டிபிசி விலை அதிகம். பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டரை விசிஆருக்கும் குச்சிக்கும் நடுவே வைத்துச் சிக்னலைக் கடத்தினாலே நெளிவு பெருமளவு நிற்கும். அதுகூட இல்லாத கடைக்கு முக்கியமான கேசட்டைக் கொடுக்காதீர்கள்.

கேசட் கசங்கியது, டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் அழுக்கு சேர்ந்த விசிஆரால். விஎச்எஸ்ஸில், ஹெட் படத்தின் தடத்தைச் சரியாகப் பின்தொடர (டிராக்கிங்) உதவும் கன்ட்ரோல் டிராக் கீழ் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பு மடிந்தால் டிராக்கிங் பிடிக்காது. கொடுக்கும் முன் கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் போல இருந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யாமல் ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். உங்கள் கேசட் சுத்தமாக இருந்தாலும், முந்தையவரின் பூஞ்சை கேசட்டை ஓட்டிய பிறகு விசிஆரைத் துடைத்தார்களா என்று கேளுங்கள்.

முதலில் முக்கியமில்லாத கேசட் ஒன்றில் 10 நிமிடம் எடுத்துத் தரச் சொல்லி, அந்த ஃபைலை, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேரில் திறங்கள். 720x576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (ஃபீல்டுகள் கலக்காமல் தனித்தனியாக இருப்பது) என்று இருக்க வேண்டும். 640x480, 29.97 என்று இருந்தால் அமெரிக்க என்டிஎஸ்சி அளவில் எடுத்திருக்கிறார்கள், வாங்காதீர்கள். தரம் சிறிதும் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி ஃபார்மட்டில் கேளுங்கள். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் ஆகும், ஹார்டு டிஸ்க் கொண்டு போங்கள். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ ஃபார்மட் என்றால் மணிக்கு 13 ஜிபி, அதுவும் பரவாயில்லை. போனில் பார்க்கச் சின்ன ஃபைல் வேண்டுமென்றால் வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் டீஇன்டர்லேஸை, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃபிரேமாக்கும் 'பாப்' முறையில் வைத்து, 50 ஃபிரேமாக நீங்களே செய்துகொள்ளலாம். மினிடிவி (MiniDV) கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிள் வழியாகத்தான் இறக்க வேண்டும். அனலாக் மஞ்சள் கேபிளில் எடுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நல்ல ஹெட் உள்ள மெஷின் வருடா வருடம் குறைகிறது. ஃபைல் கைக்கு வந்தாலும் கேசட்டை எறிய வேண்டாம். புத்தகம் போல நிமிர்த்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

இந்தக் கேசட்டை வேறு விசிஆரில் புளூ பேக்கை அணைத்து, டிவிடி ரெக்கார்டர் வழியாக மறுபடி எடுத்தோம். மடிந்த இடத்தில் இரண்டு நிமிடம் போனது போனதுதான். தாலி கட்டும் காட்சி வெள்ளைக் கோடுகளோடு வந்தது, ஆனால் முழுசாக வந்தது.