பேக்கப் விடியும் முன் முடிய வேண்டும்: ஆர்சிங்க், போர்க், இசட்எஃப்எஸ் மூன்றையும் ஓட்டிப் பார்த்த கதை

எங்கள் அலுவலக மெயில் சர்வரின் பேக்கப் இரவு 11 மணிக்குத் தொடங்கும். முன்பெல்லாம் விடிகாலை 4 மணிக்கு முடிந்துவிடும். போன வருடம் அது காலை 10 மணியைத் தாண்டியது. எல்லோரும் வந்து மெயிலைத் திறக்கும் நேரத்தில் டிஸ்க் இன்னும் பேக்கப்பில் மாட்டிக்கொண்டிருக்கும். மொத்தத் தரவு 1.1 டிபிதான். மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்கில் இருந்து, பேக்கப் மென்பொருளான போர்க்குக்கு மாறி, அங்கிருந்து டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸுக்கு வந்து நிற்கிறேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது நெட்வொர்க்கை. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 940 மெகாபிட் வந்தது, அதாவது கிகாபிட் இணைப்பு நன்றாகவே இருந்தது. (கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். உங்கள் வேகம் நொடிக்கு 11 எம்பியிலேயே முட்டி நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.) ஒரே பெரிய கோப்பை நகலெடுத்தால் 110 எம்பி வேகம். பேக்கப் மட்டும் 4 எம்பி.

விடை கோப்புகளின் எண்ணிக்கையில் இருந்தது. எங்கள் சர்வர் மெயில்டிர் முறையில் சேமிக்கிறது, ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. எண்ணிப் பார்த்தால் 28 லட்சம். எது மாறியது என்று அறிய ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பின் அளவையும் தேதியையும் பார்த்தாக வேண்டும். 7200 சுற்று ஹார்டு டிஸ்க்கில் தலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ப் படிக்க ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். கோப்புக்கு ஒரு தடவை என்று வைத்தால் 28,000 நொடி, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். கேஷ் (நினைவகத்தில் வைத்திருக்கும் நகல்) இருப்பதால் நடைமுறையில் இது குறையும். ஆனாலும் ஒரு எழுத்தைக்கூட அனுப்பாமல், வெறுமனே பார்ப்பதற்கே போகும் நேரம் இது.

மெயில்டிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் மெயிலைப் படித்ததும் அந்தக் கோப்பின் பெயர் மாறும், படித்ததற்கான குறி பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஆர்சிங்குக்கு அது பழைய கோப்பு என்று தெரியாது. பழைய பெயரை அழித்து, உள்ளடக்கம் துளியும் மாறாத கோப்பைப் புதிதாக மறுபடி அனுப்பும். 20 எம்பி இணைப்போடு வந்த மெயிலை ஒருவர் திறந்து பார்த்தாலே அந்த 20 எம்பியும் இரவில் மீண்டும் பயணம் போகும்.

ஆர்சிங்கைக் குறை சொல்லி ஒதுக்கிவிட மாட்டேன். நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) சர்வரில் மவுண்ட் செய்து, அதாவது சர்வரின் சொந்த அடைவு போல இணைத்து, அதற்குள் எழுதியது நாங்கள் செய்த தவறு. அப்படிச் செய்தால் மறுமுனையில் இருக்கும் கோப்புகளைப் பார்ப்பதும் நெட்வொர்க் வழியாக ஒவ்வொன்றாக நடக்கும். எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நாஸிலும் ஆர்சிங்கை ஓடவிட்டதும் 11 மணி நேரம் 7 ஆனது. செலவே இல்லாத திருத்தம். உங்களிடம் இருப்பவை பெரிய வீடியோக்களோ டேட்டாபேஸ் டம்ப்களோ என்றால் இதோடு நின்றுவிடலாம்.

போர்க்கை மூன்று வாரம்தான் ஓட்டினேன், அதனால் என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய கோப்பை அது மறுபடி படிக்கும், ஆனால் அதே துண்டுகள் ஏற்கெனவே இருப்பதால் மறுபடி சேமிக்காது. இடம் நன்றாக மிச்சமானது, என்கிரிப்ஷனும் கிடைத்தது. நேரம் 5 மணி. 28 லட்சம் கோப்புகளையும் வரிசையாகப் பார்க்கும் வேலை அதற்கும் இருக்கிறதே. இதே வகை மென்பொருளான ரெஸ்டிக்கை நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

இசட்எஃப்எஸ் அந்த வேலையையே செய்வதில்லை. ஒவ்வொரு பிளாக்கும் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் துண்டு) எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்பு அதனிடமே இருக்கிறது. நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்த நேரத்து நிலையை அப்படியே உறைய வைத்த பதிவு) பிறகு எழுதப்பட்ட பிளாக்குகளை மட்டும் அது அனுப்பும். பெயர் மாறினால் அடைவுக்குரிய சில பிளாக்குகள் போகும், மெயிலின் உடல் போகாது. இப்போது எங்கள் இரவு பேக்கப் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. அதனால் பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டிருக்கிறேன். யாராவது மெயிலை அழித்துவிட்டு வந்தால் ஸ்னாப்ஷாட் அடைவுக்குள் போய் எடுத்துக் கொடுக்கிறேன்.

இதற்கான விலை பராமரிப்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தால்தான் மாற்றங்களை மட்டும் அனுப்ப முடியும். பழையவற்றை அழிக்க நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு நாள் சர்வர் பக்கத்தில் அந்தப் பொதுவானதையும் அழித்துவிட்டது. 1.1 டிபியையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. இப்போது கடைசியாக அனுப்பியதன் மேல் ஹோல்டு (அழிக்க விடாத பூட்டு) போட்டுவைக்கிறேன், புக்மார்க்கும் (சர்வர் பக்கத்து ஸ்னாப்ஷாட் அழிந்தாலும் மாற்றங்களை மட்டும் அனுப்ப உதவும் குறி) எடுத்துவைக்கிறேன். அப்புறம், பேக்கப் பக்கத்தை ரீட்ஒன்லி ஆக்க மறக்காதீர்கள். உள்ளே போய் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலே அதன் அணுகல் நேரம் பதிவாகி, அடுத்த தடவை இலக்கு மாறியிருக்கிறது என்று சொல்லி பேக்கப் நின்றுவிடலாம்.

இரு முனையும் இசட்எஃப்எஸ் ஆக இருக்க வேண்டும் என்பதும் சின்ன விஷயமல்ல. எங்கள் நாஸ் அதற்கு உதவாததால் பழைய கணினி ஒன்றில் இரண்டு டிஸ்க்குகளை மிரராக (ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் இருக்கும்படி) போட்டேன். மெயில்களை மாற்ற ஒரு வார இறுதி முழுக்கப் போனது. வாடகை சர்வரில் அப்படி மாற்ற வழி இல்லையென்றால் போர்க்கையே எடுப்பேன். விர்ச்சுவல் மெஷின்களுக்கு இசட்எஃப்எஸ் எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்த இடம்) 80 சதவீதத்துக்கு மேல் நிறைந்தால் எழுதும் வேகம் குறையும் என்பார்கள். எங்களுடையது இப்போது 71இல் இருக்கிறது, அடுத்த ஜோடி டிஸ்க்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.