கொரோலாவின் பெல்ட்: கராஜில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை, பாதிப் பாதியாக ஒரு தடவை

என்னிடம் இருப்பது 2006 ரொயோட்டா கொரோலா. 2011 இல் பாவித்த காராக வாங்கினேன், அப்போது 92,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. இப்போது 341,000. ரொறன்ரோவின் குளிரும் வீதி உப்பும் பட்டுப் பட்டு கீழ்ப்பக்கம் துருவேறிவிட்டது, ஆனால் எஞ்சின் இன்னும் ஒழுங்காக ஓடுகிறது. இந்தப் பதினைந்து வருடத்தில் அதன் பெல்ட்டை மூன்று தடவை மாற்ற வேண்டி வந்தது.

எந்தப் பெல்ட் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஊரில் நாங்கள் ஃபான் பெல்ட் என்று சொல்லிப் பழகிய, எஞ்சினுக்கு வெளியே ஓடும் பெல்ட்தான் இது. அந்த நாளில் அது உண்மையிலேயே காற்றாடியைச் சுற்றியது. இந்தக் காரில் காற்றாடிக்கு மின்மோட்டார் இருக்கிறது. ஒரே பெல்ட் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய், பற்றரியை நிரப்பும் அல்ரனேற்றர், தண்ணீர்ப் பம்ப், ஏசி கொம்பிரசர், பவர் ஸ்ரியரிங் பம்ப் நாலையும் சுற்றுகிறது. அது அறுந்தால் பற்றரி விளக்கு எரியும், ஸ்ரியரிங் கல்லாக இறுகும், தண்ணீர் ஓடாததால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கொதிக்கும். உடனே ஓரமாக நிறுத்த வேண்டியதுதான், வேறு வழி இல்லை. டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்கு உள்ளே இருக்கும் வேறு சாமான். இந்தக் கொரோலாவில் அதற்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

முதல் தடவை 2014 ஜனவரி. முந்திய டிசம்பரில் உறைமழைப் புயல் அடித்து ரொறன்ரோவில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த அதே குளிர்காலம். காலையில் ஸ்ரார்ட் செய்தால் பெல்ட் கீச்சென்று கத்தும். முதலில் இரண்டு செக்கன், பிறகு பத்து, பிறகு தெருமுனை வரைக்கும். குளிரில் ஸ்ரார்ட் செய்யப் பற்றரி நிறையச் சக்தியைக் கொடுத்துவிடும். அதைத் திரும்ப நிரப்ப அல்ரனேற்றர் பாரமாக இழுக்கும். இவ்வளவு பாரத்தையும் குளிரில் இறுகிப்போன ஒரு பழைய ரப்பர் இழுக்க முடியாமல் வழுக்குகிறது. சத்தம் அதுதான்.

வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். முக்கால் மணித்தியாலத்தில் முடித்துத் தந்தார்கள். 185 டொலர், 13 வீத வரியோடு 209. சத்தம் போய்விட்டது, எனக்கும் சந்தோசம். ஐந்து கிழமையில் திரும்பி வந்தது.

இந்த முறை வேறொரு கராஜுக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணை காரை ஓடவிட்டு, பெல்ட்டைத் தொடாமலே ரோச் அடித்து ரென்சனரைக் காட்டினார். பெல்ட்டை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும் கை அது. இந்த எஞ்சினில் அதோடு அதிர்வை அடக்க எண்ணெய் உள்ள ஒரு சின்ன டம்பரும் சேர்ந்திருக்கும். அந்த டம்பரில் எண்ணெய் கசிந்து கை நடுங்கிக்கொண்டிருந்தது. “தம்பி, புதுப் பெல்ட் போட்டு என்ன, பிடிக்கிற கைக்குப் பலம் இல்லையே” என்றார். அதை மாற்ற இன்னும் 340 டொலர் போனது. முதல் கராஜில் செய்த வேலை பிழை என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள், அது ஏன் கத்தியது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள், எனக்கு அன்று தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருத்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எழுத்தில் தந்த மதிப்பீட்டுக்கு மேலே பத்து வீதத்தைத் தாண்டி வாங்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். தெரிந்திருந்தால் ஐந்தாம் கிழமை அதே கராஜுக்குப் போய் நியாயம் கேட்டிருப்பேன். இப்போது எந்தக் கராஜுக்குப் போனாலும் பழைய பெல்ட்டை எனக்குத் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தடவை 2019 ஜூலை, 236,000 இல். சத்தம் எதுவும் இல்லை. ஆனால் பெல்ட் போட்டு 98,000 கிலோமீற்றர் ஓடியாயிற்று. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் தேய்ந்தால் குறுக்கே வெடிக்கும், பார்த்த உடனே தெரியும். இப்போது வருவது ஈபிடிஎம் ரப்பர். அது லேசில் வெடிக்காது, ரயர் மாதிரி மெல்ல மெல்லத் தேயும். மேலே பார்க்க வடிவாக இருக்கும், உட்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு நடுவே பள்ளம் ஆழமாகிப் போயிருக்கும். அதை அளக்க ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கேஜ் இருக்கிறது. வெடிப்பு இல்லை, பெல்ட் நல்லது என்று சும்மா எட்டிப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பெல்ட் 48 டொலர், நீளமான தட்டைக் கைபிடியுள்ள பெல்ட் கருவி 40 டொலர். பெல்ட்டின் முதுகில் உள்ள இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். உதாரணத்துக்கு 6பிகே1230 என்றால் ஆறு வரி, 1,230 மில்லிமீற்றர் நீளம். சாதாரண சொக்கற்றும் ரட்செற்றும் இந்தக் காரில் சரிவராது. எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் கை போகும் அளவுக்குத்தான் இடம். அதற்குத்தான் அந்தத் தட்டைக் கருவி. ஒரு தடவைக்காக வாங்க மனமில்லாவிட்டால் சில உதிரிப்பாகக் கடைகளில் முற்பணம் கட்டி இரவல் எடுக்கலாம்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். பெல்ட் போகும் பாதையை முதலில் படம் எடுத்தேன், அப்புறம் கையாலும் வரைந்துகொண்டேன். ரென்சனரில் 19 மில்லிமீற்றர் தலை இருக்கிறது. அதில் கருவியை மாட்டிக் கடிகாரம் சுற்றும் திசையில் அமுக்கினால் பெல்ட் தளரும். மகன் ரோச் பிடித்தான், நான் மேல் கப்பியிலிருந்து கழற்றினேன். கழற்ற ஐந்து நிமிடம், போட ஒரு மணித்தியாலம். வரி உள்ள கப்பியில் பெல்ட்டின் வரிப் பக்கமும் வழவழப்பான கப்பியில் முதுகுப் பக்கமும் உட்கார வேண்டும். எல்லாம் சரி என்று நினைத்து ஸ்ரார்ட் செய்தேன். அல்ரனேற்றர் கப்பியில் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தது. உடனே நிறுத்தியும் பயனில்லை, ஓரம் பிய்ந்து நூல் தெரிந்தது. இன்னொரு 48 டொலர். அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பியையும் விரலால் தடவி இரண்டு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை.

மூன்றாவது தடவைதான் எனக்கு மிகவும் பிரயோசனமானது. 2024 செப்டெம்பர், 318,000. பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு கப்பியையும் வெறும் கையால் சுழற்றினேன். நல்ல கப்பி சத்தம் இல்லாமல் சுழலும். ரென்சனர் கப்பி மண் அரைபடுவது போலக் கரகரத்தது. அது ஓடும்போது கேட்டிருக்காது, எஞ்சின் சத்தத்தில் மறைந்துவிடும். நான் பழைய பெல்ட்டையே திரும்பப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். இந்த எஞ்சினில் ரென்சனரை மாற்ற எஞ்சினின் பாரத்தை ஜக்கில் தாங்கி, எஞ்சினைக் காரோடு பிடித்திருக்கும் வலப்பக்க மவுண்டைக் கழற்றினால்தான் நீளமான போல்ட் வெளியே வரும். வீட்டு வாசலில் நான் அதைச் செய்ய மாட்டேன். “ரென்சனரை மாற்றுங்கோ, பெல்ட் இந்தா இருக்கு” என்று கையில் இருந்த புதுப் பெல்ட்டைக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 430 டொலர். சிலர் நாங்கள் கொண்டுபோகும் பாகத்தைப் போட மாட்டார்கள், முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சத்தம் வந்தால் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று, வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு கப்பி நேராக இல்லை. கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அப்படியென்றால் இழுவிசையைப் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். சத்தத்தை மறைக்கும், அழுக்கைச் சேர்க்கும், காரணம் அப்படியே இருக்கும்.

ரென்சனரே இல்லாமல் இழுபடும் ரப்பரை நம்பி ஓடும் பெல்ட் சில கார்களில் உண்டு. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும், நேரே கராஜுக்குக் கொண்டுபோங்கள். கொரோலா மாதிரி ரென்சனர் உள்ள காருக்கு, பெல்ட் மட்டும் என்றால் வெயில் காலத்தில் வீட்டில் செய்வதையே நான் விரும்புகிறேன். மிச்சமாகும் காசை விட, கப்பிகளை என் கையால் சுழற்றிப் பார்ப்பது எனக்குப் பெரிது.

போன கிழமை கேஜ் வைத்துப் பார்த்தேன். 23,000 கிலோமீற்றருக்குப் பிறகும் பள்ளம் புதிது போலத்தான் இருக்கிறது. பவர் ஸ்ரியரிங் பம்பின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன எண்ணெய்க் கறை. பெல்ட்டில் இன்னும் படவில்லை. இந்த வார இறுதியில் வலப்பக்கச் சில்லைக் கழற்றி அது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கப் போகிறேன்.