ஆறு வருட டூயல் பூட்: தொலைந்தது எப்போதுமே முகவரிதான்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்து ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். இத்தனை நாளில் "போச்சு, எல்லாம் போச்சு" என்று வயிறு கலங்கியது நான்கு தடவை. நான்கிலும் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

முதல் தடவை முழுக்க என் தப்பு. வேறு லினக்ஸ் போடலாமே என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே பழைய லினக்ஸ் பார்டிஷனை (டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை) அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று ஒரு வரி, பக்கத்தில் துடிக்கும் கர்சர், அவ்வளவுதான். விண்டோஸும் சேர்ந்து போய்விட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நடந்தது என்னவென்றால், கிரப்பின் (எந்த சிஸ்டத்துக்குள் போக வேண்டும் என்று மெனு காட்டும் லினக்ஸ் பூட் நிரல்) தொடக்க ஃபைல், பூட் ஃபைல்களுக்கென்றே இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷனில் பத்திரமாகத்தான் இருந்தது. அது தேடிப் போகிற மாட்யூல்களும் மெனுவும்தான் நான் அழித்த இடத்தில் இருந்தன. ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டி (சிலதில் எஃப்9, சிலதில் எஸ்கேப், இதில் மட்டும் ஒற்றுமையே கிடையாது) 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அப்போதே உள்ளே போயிருக்கலாம்.

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பழைய பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) முறையில் டிஸ்க்கின் முதல் செக்டார்தான் எல்லாம்: மொத்தம் 512 பைட், அதில் பூட் கோடுக்கு 446, பார்டிஷன் பட்டியலுக்கு 64, மீதி 2 அடையாளத்துக்கு. இருப்பது ஒரே நாற்காலி, கடைசியாக இன்ஸ்டால் ஆனவர் அதில் உட்கார்ந்துகொள்வார். "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்" என்ற அறிவுரை அங்கிருந்து வந்ததுதான். அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ-யில் அந்த அடிதடி இல்லை. இஎஃப்ஐ பார்டிஷன் என்பது வழக்கமாக ஒரு ஃபேட்32 பகுதி, அதில் ஆளுக்கொரு ஃபோல்டர். எந்த ஃபைலை எந்த வரிசையில் கூப்பிடுவது என்பது மட்டும் மதர்போர்டின் என்விராமில் (ஆஃப் செய்தாலும் அழியாத சின்ன நினைவகம்) இருக்கும்.

இது புரிந்திருந்ததால் இரண்டாவது தடவை அவ்வளவாகப் பதறவில்லை. பயாஸ் அப்டேட் (யூஇஎஃப்ஐ-யையும் பழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம்) செய்ததும் என்விராமில் லினக்ஸ் பதிவே காணோம். பென் டிரைவில் லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவது) ஏற்றி, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் அந்த ஒரு பதிவைத் திரும்ப எழுதினேன், வந்துவிட்டது. மூன்றாவதில் புது லினக்ஸ் போட்டேன், கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை. 2021-ல் வந்த கிரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப் செட்டிங்கில் அதை இயக்கிவிட்டு மெனுவை மறுபடி உருவாக்கினால் போதும்.

நான்காவதுதான் உண்மையிலேயே வேர்க்க வைத்தது. செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் செட்டிங்) அணைத்தேன், அடுத்த பூட்டில் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. பூட் நிலை மாறினால் அது சந்தேகப்படத்தான் செய்யும், அதன் வேலையே அது. எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் தாளை எங்கே வைத்தேன் என்பதை எழுதி வைக்கவில்லை.

தினசரி எரிச்சல்கள் வேறு ரகம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸோ உள்ளூர் நேரம் என்கிறது, அதனால் மாறி மாறி பூட் செய்தால் மணி தப்பாகக் காட்டும்; யாராவது ஒருவரை மற்றவர் வழிக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்க விடும், எழுத விடாது. முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

இப்போது இரண்டு எஸ்எஸ்டி, ஒவ்வொன்றிலும் தனி இஎஃப்ஐ பார்டிஷன். லினக்ஸ் டிஸ்க் முதலில், விண்டோஸ் வேண்டுமென்றால் எஃப்12. கிரப் மெனுவை மறைத்தே வைத்துவிட்டேன், அதைப் பார்த்து மாதக்கணக்காகிறது. பிட்லாக்கர் தாள் மட்டும் இப்போது லேப்டாப் பையிலேயே இருக்கிறது, அது சரியான இடம் இல்லை என்று தெரிந்தும்.