முன்கால் பூட், பின்கால் பட்டை: ஸ்லாலம் ஸ்கீயில் மூன்று ஜோடி பைண்டிங் அனுபவம்

படகு இழுக்க நீர்மேல் ஓட்டும் ஸ்லாலம் ஸ்கீ வாங்கக் கிளம்புபவர்கள் நீளம் எவ்வளவு, கார்பனா ஃபைபர்கிளாஸா என்று மணிக்கணக்கில் அலசுவார்கள். காலை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங் என்றால் மட்டும் "கூட வருவதே போதும்" என்று முடித்துவிடுவார்கள். நான் மினசோட்டாவில் ஒரு சின்ன கிளப் ஏரியில் ஸ்கீ ஓட்டுகிறவன். ரப்பர் பூட்டும் டோ பிளேட்டும், இரண்டு காலுக்கும் ரப்பர் பூட், கழன்றுகொள்ளும் ஹார்டுஷெல்லும் (கெட்டி ஓடு கொண்ட பூட்) டோ பிளேட்டும் என மூன்று ஜோடிகளையும் ஒவ்வொன்றும் சில கோடைகளாவது பயன்படுத்தியாகிவிட்டது. முன்கால் பைண்டிங்கையும் பின்கால் பைண்டிங்கையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. விழும்போது இரண்டும் காலை எப்படி விடுவிக்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். திருப்பத்தில் கிடைக்கும் சுகமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. ஸ்லாலத்தில் ஒரே ஸ்கீ; ஒரு கால் முன்னே, மற்றது அதற்கு நேர் பின்னே. பாதை 259 மீட்டர். ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இடமும் வலமுமாக மாறி மாறி நிற்கும். படகு மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் போனால் மொத்தப் பாதையும் 16.95 விநாடியில் முடிந்துவிடும். கயிறு 18.25 மீட்டரில் தொடங்கி, ஓட்டுபவர் தேறத் தேறக் குறைந்துகொண்டே வரும். 11.25 மீட்டருக்கு வந்தால் மிதவை இருக்கும் தூரத்தைவிடக் கயிறே குட்டை. மிச்சத்தை உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். படகு இழுக்கிற இழுப்பு முழுவதும் ஸ்கீக்கு இறங்குவது இரண்டு பாதங்கள் வழியாகத்தான்.

நான் ஆரம்பித்தது முன்காலுக்குக் கணுக்காலுக்கு மேல்வரை சுற்றிக்கொள்ளும் ரப்பர் பூட், பின்காலுக்கு டோ பிளேட். டோ பிளேட் என்றால் குதிகால் திறந்திருக்க, பாதத்தின் முன்பகுதியை மட்டும் பிடிக்கும் ஒரு ரப்பர் பட்டை. 1922-ல் இதே மாநிலத்தில், பெபின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் இரண்டு பைன் பலகைகளை வளைத்து, தோல் வாரைக் கால்பிடியாக மாட்டிக்கொண்டு முதன்முதலில் வாட்டர் ஸ்கீ ஓட்டினான். அந்தத் தோல் வாருக்கு நேர் வாரிசு இந்த டோ பிளேட்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதன் அருமை தண்ணீரிலிருந்து எழும்போது தெரியும். பின்காலை வெளியே விட்டு, பின்னால் சுக்கான் மாதிரி இழுபட விடலாம். ஸ்கீ இடமும் வலமும் ஆடாது. படகு வேகம் பிடித்து ஸ்கீ நீர்மேல் நின்றதும் காலைத் தூக்கிப் பட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். பழகிவிட்டால் தொடக்கத்திலிருந்தே செருகி வைத்துக்கொண்டே எழலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: பட்டைக்குள் கால் எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு உள்ளே போய், கொஞ்சம் இறுக்கமாக நின்றால் போதும். பாதத்தின் நடுவளைவு வரை போய்ச் சிக்கினால், எளிதாகக் கழலும் என்று நம்பி வாங்கிய பொருள்தான் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பாதம் ஒல்லி, அதனால் பட்டையை இரண்டு துளை உள்ளே தள்ளி முடுக்கினேன்.

அடுத்து இரண்டு காலுக்கும் ரப்பர் பூட். கிளப்பில் நன்றாக ஓட்டுபவர்கள் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். ஸ்கீயோடு சேர்ந்து உடம்பே ஒன்றாகிவிட்ட உணர்வு வரும், அதை மறுக்க முடியாது. அலையைக் கடக்கும்போது பின்குதிகால் துள்ளாது. ஆனால் பின் கணுக்கால் கட்டுண்டு கிடப்பதால், கணுக்கால் இறுகிய என்னைப் போன்றவர்களுக்குப் பின்முழங்கால் போதுமான அளவு மடங்காது. மடங்காவிட்டால் எடை தானாகப் பின்காலுக்குப் போகும், ஸ்கீயின் மூக்கு தண்ணீரைவிட்டு எழும்பும், திருப்பம் நீண்டுவிடும். டோ பிளேட்டில் குதிகால் அரை அங்குலம் எழுந்தாலே முழங்கால் மடங்கி எடை முன்னால் வந்துவிடுகிறது. கணுக்கால் நன்றாக வளைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது, அவர்களுக்கு இரட்டைப் பூட் வரம்தான்.

என்னை அதிலிருந்து விலக்கியது வேறொன்று. முன்பூட் சீக்கிரம் தளர்கிறது, பின்பூட் அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. போடும்போதும் கழற்றும்போதும் அதிகம் இழுபடுவது முன்னதுதான். மூன்றாவது கோடையில், மே மாதக் குளிர்ந்த நீரில், நான்காவது மிதவையில் முன்னால் குப்புற விழுந்தேன். முன்கால் வெளியே வந்துவிட்டது, பின்கால் உள்ளேயே இருந்தது. குளிரில் ரப்பர் விறைத்துப் போயிருந்ததும் ஒரு காரணம். ஸ்கீ முழுவதும் நெம்புகோலாகி ஒற்றைக் கணுக்காலை முறுக்கியது. எலும்பு தப்பியது, சுளுக்கு ஜூலை வரை போகவில்லை. இரட்டைப் பூட் என்றால் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும், இல்லை இரண்டும் சேர்ந்து வெளியே வர வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்பதுதான் ஆபத்து. இதனால்தான் சிலர் இரண்டு பூட்டையும் ஒரே தகட்டில் பொருத்தி, அந்தத் தகட்டை 3எம் ட்யூயல் லாக் என்ற, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பட்டைகளால் ஸ்கீயில் ஒட்டவைக்கிறார்கள். பெரிய விழுகையில் தகடு மொத்தமாகப் பெயர்ந்து வரும், இரண்டு காலும் கூடவே வந்துவிடும். பட்டை தேயத் தேயப் பிடிமானம் மாறும் என்பதால் அதைக் கவனித்து மாற்றும் பொறுமை வேண்டும்.

இப்போது இருப்பது மூன்றாவது ஜோடி: முன்காலுக்கு ஹார்டுஷெல், பின்காலுக்கு மறுபடியும் டோ பிளேட். ரிஃப்ளெக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு இது. பூட்டின் முன்னுதடு ஒரு கம்பிக்கு அடியில் நிற்கும்; குதிகாலைச் சில்வ்ரெட்டா என்ற ஸ்பிரிங் பிடி கவ்வியிருக்கும். முன்னால் விழுந்தால் குதிகால் மேலே இழுபட, பிடி திறந்து, பூட்டோடு கால் வெளியே வந்துவிடும். இது முக்கியமாகக் குதிகால் எழும் திசையில்தான் கழலும், பக்கவாட்டு முறுக்கலில் அவ்வளவாகக் கழலாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் காசு போட வேண்டும்.

சீசன் தொடங்கும்போது புல்தரையில் ஸ்கீயை வைத்து, பூட்டை மாட்டி, ஒருவர் ஸ்கீயைப் பிடித்துக்கொள்ள முன்னால் சாய்ந்து பார்க்கிறேன். கிளிக்கென்று கழல வேண்டும். மணல் துகள் ஒன்று ஸ்பிரிங்கில் சிக்கினாலும் அந்தச் சத்தம் மாறிவிடுகிறது, அப்போது கழுவிவிட்டு மறுபடி பார்ப்பேன். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்ற எண்ணை இன்னொருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். எடையும் ஓட்டும் வேகமும் வேறு.

மினியாபோலிஸ் நண்பர் ஒருவர் போன மாதம், "அண்ணா, நானும் பின்னால பூட் போட்டுக்கவா?" என்று கேட்டார். அவர் இன்னும் ஆறு மிதவையையும் முழுதாக முடிக்கவில்லை. "டோ பிளேட்டே போதும்பா, முன்பூட்டை நல்லதாக வாங்கு" என்றேன். முழுக் கயிற்றில் ஓட்டும் கட்டத்தில் பின்பூட் தரும் கூடுதல் பிடிமானம் புள்ளிகளாக மாறுவதில்லை. கயிறு குறையத் தொடங்கிய பிறகு, கணுக்கால் ஒத்துழைத்தால், இரட்டைப் பூட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பொருத்தும் இடம் பற்றியும் கொஞ்சம். தயாரிப்பாளர் சொல்லும் அளவு பெரும்பாலும் ஸ்கீயின் வாலிலிருந்து முன்பூட்டின் குதிகால் வரை இருக்கும். 67 அங்குல ஸ்கீக்கு 29½ அங்குலத்தை ஒட்டி வரும். பூட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் மூக்கு தண்ணீரில் அதிகம் ஊன்றி, திருப்பம் சுருக்கென்று முடியும். பின்னால் தள்ளினால் ஸ்கீ வேகமாக ஓடும், ஆனால் திரும்ப அடம்பிடிக்கும். கால் அங்குலம் மாறினாலே தெரிந்துவிடும், அதனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே நாளில் ஃபின்னையும் (ஸ்கீயின் வாலடியில் இருக்கும் துடுப்பு) தொட்டால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை புரியாது. திருகு மாற்றும்போது நீளத்தையும் பாருங்கள். நீளமான திருகு ஸ்கீயின் அடிப்பாகத்தைத் துளைத்துவிடும்.

பழைய ஸ்கீ வாங்குகிறவர்கள் ஸ்கீயின் விலையையும் பூட்டின் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரப்பரை வளைத்து, கணுக்கால் மடிப்பில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பூட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். தகடும் அதன் துளைகளும் உங்கள் ஸ்கீக்குப் பொருந்தினால் அதையும் டோ பிளேட்டையும் வைத்துக்கொண்டு, முன்பூட்டை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.