அம்பாசடரில் ஆயில் பிரஷர் மீட்டர்: உப்புக்காற்றில் ஐந்து ஆண்டு அனுபவம்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்பது 1994ஆம் ஆண்டு அம்பாசடர் டீசல். அப்பா ஓட்டிய வண்டி. இப்போது நான் ஓட்டுகிறேன். அதில், இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் எலெக்ட்ரிக் ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்தி ஐந்து ஆண்டுகளும் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டரும் ஆகிவிட்டன. பொருத்திய மாதமே எழுதியிருந்தால் முழுக்கப் பாராட்டாகத்தான் எழுதியிருப்பேன். இரண்டாம் ஆண்டில் அந்த மீட்டர் என்னிடம் பொய் சொன்னது. அந்தப் பொய் எப்படி உண்டாயிற்று என்பதைக் கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வண்டியின் டேஷ்போர்டில் ஆயிலுக்கென்று இருந்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அந்த விளக்கை இயக்கும் சுவிட்ச் மிக எளிய பொருள். பிரஷர் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கு எரியும். பார் என்பது அழுத்த அலகு. ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. மூன்று பாரில் ஓட வேண்டிய இன்ஜின் ஒரு பாரில் ஓடினாலும் விளக்குக்கு அது தெரியாது. சித்தப்பாவின் வண்டியில் ஒருமுறை ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் தளர்ந்து ஆயில் ஒழுகியிருக்கிறது. உச்சிப்புளி அருகே விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். பேரிங் உருகி, கிராங்க் ஷாஃப்டைக் கடைசல் பிடிக்க வேண்டியதாயிற்று. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இனி இந்த 1489 சிசி டீசல் இன்ஜினுக்கு அப்படி ஒரு செலவு வந்தால், பணம் இருந்தாலும் நல்ல உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. அன்றே மீட்டர் பொருத்துவதென்று முடிவு செய்துவிட்டேன்.

மெக்கானிக்கல் மீட்டரா, எலெக்ட்ரிக் மீட்டரா என்று சில நாள் யோசித்தேன். மெக்கானிக்கல் வகையில் மெல்லிய குழாய் ஒன்று இன்ஜினிலிருந்து சூடான ஆயிலையே டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும். துல்லியத்தில் அதற்கு ஈடில்லை, மின்சாரமே தேவையில்லை. ஆனால் குழாய் உரசி ஓட்டையானால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். அம்மாவும் குழந்தைகளும் ஏறும் வண்டியில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எலெக்ட்ரிக் வகையில் இன்ஜின் பக்கம் ஒரு சென்சார், டேஷ்போர்டில் ஒரு மீட்டர், இடையில் ஒரு ஒயர். சென்சாருக்குள் இருக்கும் தகடு ஆயில் அழுத்தத்தில் வளைந்து, ஒரு மின்தடைச் சுருளின் மீது தொடுமுனை ஒன்றை நகர்த்தும். என்னுடைய சென்சார் பூஜ்ய அழுத்தத்தில் 10 ஓம், முழு அளவான 5 பாரில் 180 ஓம் காட்டும் வகை. அமெரிக்க வகை இதற்கு நேர் எதிர்: பூஜ்யத்தில் 240 ஓம், முழு அளவில் 33 ஓம். ஒன்றின் மீட்டரை மற்றதன் சென்சாரோடு இணைத்தால் முள் காட்டுவதற்குப் பொருளே இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள்.

பொருத்தும் வேலையில் எங்களைத் தடுத்து நிறுத்தியது மரை. சென்சார் வந்தது அமெரிக்க என்பிடி மரையில். அங்குலத்துக்கு 27 சுற்று. எங்கள் இன்ஜின் துளையில் இருந்தது பிரிட்டிஷ் மரை. அதே குழாய் அளவில் அங்குலத்துக்கு 28 சுற்று, மரையின் கோணமும் வேறு. கையால் திருகும்போது ஒன்றரைச் சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். “இறுகிவிட்டது, ஸ்பேனர் போடலாம்” என்று நினைக்க வைக்கும் இடம் அதுதான். எங்கள் மெக்கானிக் அண்ணன் உடனே கையை எடுத்துவிட்டார். “தம்பி, பிளாக்கின் மரை போனால் இன்ஜினையே இறக்க வேண்டும்” என்றார். ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் பழைய ஆயில் சுவிட்சைக் காட்டி, ஒரு பக்கம் அந்த மரை, மறுபக்கம் சென்சாரின் மரை என்று அடாப்டர் கடைந்து வாங்கினோம். 350 ரூபாய். மீட்டரும் சென்சாரும் சேர்ந்து 2,400.

பழைய சிவப்பு விளக்கை எடுத்துவிடாதீர்கள். டி வடிவ இணைப்பில் ஒரு முனைக்கு விளக்கின் சுவிட்ச், மறுமுனைக்கு சென்சார் என்று வைத்தோம். சென்சார் ஒரு சிறு டப்பா அளவுக்குக் கனமானது. அதை அடாப்டர் மேல் நேராக நிறுத்தினால் டீசல் இன்ஜின் அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒருநாள் ஒடியும். ஒடிந்த துளை வழியே ஆயில் முழுவதும் நிமிடத்தில் வெளியேறிவிடும். ஆகவே கம்பி பின்னிய ஹோஸ் ஒன்றை டி இணைப்பிலிருந்து எடுத்து, சென்சாரைப் பானட்டுக்குள் பாடித் தகட்டில் கிளாம்ப் போட்டு நிறுத்தினோம். மீட்டருக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் ஒயரிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து எடுத்தோம். அரை நாளில் வேலை முடிந்தது.

முதல் ஆண்டு முழுவதும் எனக்கு மீட்டர் ஒரு பாடசாலை. காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பினால் முள் 4 பாரைத் தாண்டும். சூடேறிய பின் சாலையில் 3.3. நின்று ஐடிலில் ஓடும்போது 1.2. இன்ஜின் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு. அதன்படி எங்கள் இன்ஜின் நல்ல நிலையில் இருந்தது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனபோது பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டோம். எல்லோரும் கடலையும் ரயில் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் மெல்ல 0.9க்கு வந்தது. மனம் பதறியது. வண்டிகள் நகர்ந்து, தங்கச்சிமடம் தாண்டும்போது மீண்டும் 3.3. சூட்டில் ஆயில் இளகினால் ஐடிலில் இந்த அளவு இறங்குவது இயல்பு என்று அன்று படித்துக்கொண்டேன். இந்த இன்ஜினின் சுபாவம் என்ன என்று தெரிந்துகொள்ளவே ஓர் ஆண்டு வேண்டும்.

இனி அந்தப் பொய். பொருத்திப் பதினான்கு மாதம் இருக்கும். கச்சான் காற்று வீசி ஓய்ந்த பருவம். அந்த ஆண்டு தனுஷ்கோடிக்குப் பலமுறை சவாரி போயிருந்தேன்; அரிச்சல்முனைச் சாலையில் இரு பக்கமும் கடல், காற்றில் மணலும் உப்புநீர்த் துளியும் சேர்ந்து வரும். அப்போது ஐடில் பிரஷர் 1.3 காட்டத் தொடங்கியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. புது ஆயில் நன்றாக ஒத்துப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவும் குறையாமல், மேல் கோட்டைத் தாண்டி நின்றது. சர்வீசுக்குப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. “வயதான இன்ஜினுக்குப் பிரஷர் கூடுமா தம்பி? குடிக்கிற ஆயில் தானாக ஏறுமா?” என்று கேட்டுவிட்டு டிப்ஸ்டிக்கை முகர்ந்தார். டீசல் வாடை.

டி இணைப்பில் பட்டறையின் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி இன்ஜினைச் சூடாக்கினோம். ஐடிலில் உண்மையான பிரஷர் 0.7 பார். என் டேஷ்போர்டு அதே நேரத்தில் 1.3 என்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை; அதன் எல்லைக்கு இன்னும் கொஞ்சம் மேலேதான் பிரஷர் இருந்தது. இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. டீசலை இன்ஜினுக்கு ஏற்றும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்திருந்தது. அதனால் அளவு கூடி, ஆயில் நீர்த்து, பிரஷர் விழுந்திருந்தது. அந்த வீழ்ச்சியை எர்த், அதாவது மின்சாரம் சென்சாரிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, மறைத்துவிட்டது. சென்சாரின் எர்த் கிளாம்ப் வழியாகப் பாடித் தகட்டுக்குப் போகிறது. கிளாம்பைக் கழற்றினால் அடியில் துரு, போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பேட்டரி மைனஸுக்கும் சென்சார் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் 21 ஓம். என் வகை சென்சாரில் தடை கூடினால் பிரஷர் கூடியதாகத்தான் மீட்டர் புரிந்துகொள்ளும். உப்பு சேர்த்த 21 ஓமை அது 0.6 பார் என்று கணக்கில் ஏற்றிவிட்டது.

இதை நான் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். சாவி போட்டு, ஸ்டார்ட் செய்யும் முன், முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். சில வாரங்களாக அது அரைக்கோட்டுக்கு மேல் நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பிரஷரே இல்லாத இன்ஜினில் பிரஷர் காட்டும் மீட்டரை எப்படி நம்பினேன் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. அமெரிக்க 240 ஓம் வகையில் எர்த் கெட்டால் முள் குறைத்துக் காட்டும். பயமுறுத்தும், ஆனால் இன்ஜினைக் காப்பாற்றிவிடும். அதனால், முதன்முறையாக வாங்கும் கடலோரக்காரர்களுக்கு நான் அந்த வகையையே சொல்வேன்.

டயாஃப்ரம் மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டதும் ஐடில் 1.2க்குத் திரும்பியது. பேரிங்குக்குச் சேதம் இல்லை. எர்த்துக்கு வழி சொன்னவர் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்யும் பாய் ஒருவர். படகில் இருபத்துநாலு மணி நேரமும் உப்போடு வாழும் மின்சாரத்தைப் பார்ப்பவர் அவர். “தகட்டை நம்பாதீர்கள் தம்பி, ஒயரை நம்புங்கள்” என்றார். சென்சார் உடலில் இருந்து பேட்டரி மைனஸ் வரை நேராகத் தனி ஒயர். சாதாரணச் செம்பு அல்ல, படகில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். முனையை நெருக்கிப் பிடித்து, உள்ளே பசை உருகும் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூடி, அதன் மேல் கிரீஸ் தடவினார். சென்சார் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றி எர்த்தைத் துண்டிக்கும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது. எர்த்துக்குத் தனி ஒயர் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. பூசியது மூன்று ஆண்டுக்கு மேலாகியும் அந்த முனை அப்படியே பளபளக்கிறது.

நான்காம் ஆண்டில் ஒருநாள் கீழக்கரை போகும் வழியில் முள் திடீரென்று 5ஐத் தொட்டுத் துள்ளியது. இந்த முறை பதறவில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, சென்சாரின் ஒயரைக் கழற்றினேன். முள் மேலே போனது. ஒயர் முனையைப் பேட்டரி மைனஸில் தொட்டேன். முள் கீழே இறங்கியது. மீட்டரும் ஒயரும் சரி, சென்சார் போய்விட்டது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. இன்ஜின் ஓடும்போது சிவப்பு விளக்கு எரியாததாலும் டிப்ஸ்டிக் சரியாக இருந்ததாலும் மெதுவாக வீடு வந்தேன். புதிய சென்சார் 700 ரூபாய். அதிர்வும் உப்பும் தின்ற ஊரில் நான்கு ஆண்டு உழைத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

மீட்டரின் முகப்பு வெயிலில் லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. இரவு வெளிச்சம் போதாது; பல்பை மாற்றியும் பெரிய வித்தியாசமில்லை. முகப்பைச் சுற்றிய குரோம் வளையத்தில் துருப்புள்ளிகள் விழுந்துவிட்டன. கண்ணாடிக்குள் ஈரம் மட்டும் இதுவரை புகவில்லை.

ஆண்டுக்கொரு முறை, கச்சான் ஓய்ந்ததும், அண்ணன் பட்டறையில் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சென்ற முறை வித்தியாசம் 0.1 பார். அன்றாடம் நான் செய்வது ஒன்றுதான்: சாவியைப் பாதி திருப்பி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறேன். பள்ளிக்குப் புறப்படும் என் மகள் இப்போதெல்லாம் எனக்கு முன்பே எட்டிப் பார்த்து, “பூஜ்யம்தான் அப்பா, எடுங்கள்” என்கிறாள்.