ஓட்டல் கழிவா, கலப்புத் தீவனமா: வெண்பன்றிப் பண்ணையின் தீவனக் கணக்கு

வெண்பன்றி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் நகரங்களை ஒட்டியுள்ள பண்ணைகள் பெரும்பாலும் ஓட்டல், விடுதி, திருமண மண்டபக் கழிவுகளை நம்பி நடக்கின்றன. கழிவு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கிடைப்பது உண்மை. ஆனால் அது கொட்டிலுக்கு வந்து சேரும் விலை வேறு என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் கலப்புத் தீவனத்தைப் பார்ப்போம். மக்காச்சோளம், சோயா அல்லது கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு ஆகியவை சேர்ந்த தீவனத்தில் ஏறத்தாழ மூன்றரை கிலோ தின்றால் பன்றி ஒரு கிலோ எடை கூடும். 10 கிலோ குட்டியை 90 கிலோவுக்குக் கொண்டுவர 280 கிலோ தீவனம் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பன்றிக்கு 8,400 ரூபாய் ஆகிறது.

ஓட்டல் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த 280 கிலோ தீவனத்தில் உள்ள உலர் சத்தைக் கழிவிலிருந்து பெற ஒரு பன்றிக்கு 1,100 கிலோவுக்கும் மேல் தேவைப்படும். வண்டி வாடகை, டீசல், பிரிக்கும் கூலி, வேகவைக்க விறகு எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 3 ரூபாய் ஆனால் செலவு ஏறக்குறைய 3,500 ரூபாயில் முடியும். பாதிக்கும் மேல் மிச்சம். அதே கழிவைத் தொலைவிலிருந்து ஏற்றி வந்து செலவு 7 ரூபாயைத் தாண்டினால் மிச்சம் என்று சொல்ல எதுவும் இராது. கழிவில் ஒரு நாள் சோறு மிகும், மறுநாள் காய்கறித் தோல் மிகும். புரதம் நிலையாக இராததால் வளர்ச்சி மெதுவாகி, விற்பனை ஓரிரு மாதம் தள்ளிப்போவதும் உண்டு. 2020 ஊரடங்கில் ஓட்டல்கள் மூடியபோது கழிவை மட்டுமே நம்பியிருந்த பண்ணைகளுக்கு அந்த வரத்து நின்றுபோனதையும் மறக்கக் கூடாது.

விலையைவிட எனக்குக் கவலை தருவது நோய். ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தால் வாழை இலை, எலுமிச்சைத் தோல், பால் பாக்கெட், பல் குத்தும் குச்சி, ஊறுகாய், எலும்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். குச்சி குடலைக் குத்தும். குடிக்கத் தண்ணீர் போதாதபோது மிகையான உப்பு நஞ்சாகும். அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலே அதன் வழியாகப் பண்ணைக்குள் வரக்கூடும். 2020-இல் அசாமிலும் 2022-இல் வயநாட்டிலும் பரவிய இந்நோய்க்குச் சிகிச்சை கிடையாது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்வரை உள்ள பன்றிகளை அழித்துவிடுவார்கள். கழிவு முழுவதும் கொதிநிலைக்கு வந்தபின் இடைவிடாமல் கிளறி அரை மணி நேரம் வேகவைப்பது மிக முக்கியமான தடுப்பு. விறகை மிச்சப்படுத்த நினைத்து இதை விடுபவர் பண்ணையையே பணயம் வைக்கிறார்.

ஆகவே முழுக்க ஒரு பக்கம் சாய நான் சொல்ல மாட்டேன். பால் மறந்த குட்டிக்கு மூன்று மாத வயதுவரை புரதம் மிகுந்த கலப்புத் தீவனமே தர வேண்டும். அந்த வயதில் தடைப்பட்ட வளர்ச்சியைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம். சினைப்பன்றிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கலப்புத் தீவனமே ஏற்றது. 30 கிலோவைத் தாண்டியபின் வேகவைத்த கழிவோடு நாளுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோவரை கலப்புத் தீவனம் சேர்த்தால் செலவும் அடங்கும், இறைச்சியில் கொழுப்பும் அளவாக இருக்கும். இருபது கிலோமீட்டருக்குள் நம்பகமான இரண்டு மூன்று சமையற்கூடங்கள் கிடைக்காத ஊரில் கழிவை நம்பிக் கொட்டில் கட்ட வேண்டாம். அங்கே உள்ளூர்த் தவிட்டையும் மரவள்ளித் திப்பியையும் (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) சேர்த்துத் தீவனத்தைச் சொந்தமாகக் கலக்கும் வழியை, கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் தேடுவது நல்லது.