பைக்குக்குக் கேரியர் அடிக்கிறவர்கள் கவனத்துக்கு: கறுப்புப் பெயின்டுக்கு அடியில் பட்டி

மலையகத்தில் பைக்கில் தூரப் பயணம் போகிற பையன்கள் கூடிவிட்டார்கள். அதற்கேற்றபடி பின்பக்கக் கேரியர், பக்கப் பைகள் என்று செய்துகொடுக்கும் கடைகளும் கூடியிருக்கின்றன. கை சுத்தமான பாஸ்மார் (தொழில் தெரிந்த வேலைக்காரர்கள்) நிறையப் பேர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் போய் மாட்டிக்கொண்டது வேறு மாதிரி ஆளிடம். முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. அவர் என்ன செய்தார், அதை எப்படி மறைத்தார் என்று தெரிந்தாலே அடுத்தவர் தப்பித்துக்கொள்ளலாம்.

ஹட்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டு நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, பொத்துவில் என்று கிழக்குக் கரையைப் பிடித்து, மட்டக்களப்பு, திருகோணமலை, கடைசியில் யாழ்ப்பாணம். இதுதான் திட்டம். வண்டி பல்சர் 150. தனியாகப் போகிறவனுக்குப் பின் சீட் காலி, அதனால் இடத்துக்குக் குறைவில்லை. பாரம் எங்கே உட்காருகிறது என்பதுதான் விஷயம். பின் சில்லின் அச்சைத் தாண்டிப் பாரம் பின்னால் போகப் போக முன் சில் இலேசாகிவிடும். நானுஓயாவுக்குக் கிட்ட ரதெல்ல குறுக்கு வீதி மாதிரி ஏற்றத்தில் வளைவு எடுக்கும்போது ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. கனமான சாமான் கீழேயும் முன்னாலும் இருக்க வேண்டும், இலேசானது மேலே. அதற்குப் பக்கப் பைகள் வேண்டும். பைகள் சில்லிலும் சைலன்சரிலும் முட்டாமல் நிற்க இரண்டு பக்கமும் இரும்பு வளையம் வேண்டும்.

கடையில் இதையெல்லாம் பேசித்தான் வேலை கொடுத்தேன். 12 மில்லிமீட்டர் கட்டிக் கம்பி. போல்ட் வண்டியின் பிரேமில் ஏற வேண்டும், மட்கார்டில் கூடாது. வலது பக்கம் சைலன்சருக்கும் பக்கப் பைக்கும் நடுவே ஒரு தகடு. பை முழுக்க வாட்டர்புரூப். எல்லாவற்றுக்கும் முதலாளி தலையாட்டினார். 25 கிலோ தாங்குமா என்று கேட்டதற்கு, "தம்பி, இதுல மாட்டையே கட்டிக்கிட்டுப் போனாலும் அசையாது" என்றார். பைகளோடு சேர்த்து 34,000 ரூபா. 20,000 முற்பணம்.

பெயின்ட் அடிக்கும் முன் எனக்கு வெல்டிங் ஒட்டைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். போனபோது கறுப்புப் பெயின்ட் அடித்துக் காய்ந்தும் இருந்தது. "பையன் அவசரப்பட்டு அடிச்சிட்டான் தம்பி." பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒட்டு எங்கே என்றே தெரியாத வழுவழுப்பு. பில்லில் "பைக் வேலை 34,000" என்று ஒரே வரி. விவரம் எழுதித் தாருங்கள் என்றால், பெரிய பில் புத்தகம் முடிந்துவிட்டதாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளட்டுமாம்.

ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை தாண்டி நானுஓயா வரைக்கும் விடாத மழை. டெவன் நீர்வீழ்ச்சி பனிக்குள் காணாமலே போயிருந்தது. நுவரெலியாவைத் தாண்டி ஹக்கலை இறக்கத்தில் வானம் வெளுத்துவிட்டது. அந்த நாட்களில் மழை மேற்குச் சரிவோடு நின்றுவிடும், ஊவாப் பக்கம் காற்று மட்டும்தான். வெலிமடைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி, வலது சிக்னல் லைட்டைப் பை மறைக்கிறது என்று எச்சரித்து அனுப்பினார். அவர் சொன்னது நியாயம்தான். அளந்து செய்ததாகச் சொன்ன வளையம் அது.

பண்டாரவளையில் பையைத் திறந்தேன். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது, உடுப்பெல்லாம் ஊறிப்போயிருந்தது. துணிக்கு உட்பக்கம் ஏதோ பூச்சு இருந்தது உண்மை. ஆனால் எல்லா மூலையும் தையல் மெஷினில் தைத்தவை. ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல். வாய்க்கு சாதாரண சிப். மேலே போட ஒரு மழை உறை கொடுத்திருந்தார்கள். பின் சில் அடித்துவிட்ட தண்ணீரை அது கீழிருந்து வாங்கிச் சேர்த்து வைத்திருந்தது. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் இடுப்பில் கட்டும் படங்கு இதைவிட மழை தாங்கும், சத்தியமாக.

மழையில் நனைவது பெரிய காரியமில்லை, காயவைத்துக்கொள்ளலாம். பெரிய காரியம் எல்லவுக்கு அப்புறம் நடந்தது.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23 வீதி தெரியும்தானே, வளைந்து வளைந்து ஒரே இறக்கம். இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து "டக்" என்றது. உடனே பிளாஸ்டிக் கருகும் வாசனை. வலது வளையத்தின் கீழ்க்கம்பி ஒட்டோடு விட்டுப்போய், பை சைலன்சர் மேல் படுத்திருந்தது. நடுவே இருக்க வேண்டிய தகடு? தகரத் துண்டு ஒன்றை மெல்லிய கம்பியால் கட்டியிருந்தார்கள், அது எங்கே விழுந்ததோ தெரியாது. பையின் பக்கச் சுவர் உருகிச் சைலன்சரில் ஒட்டியிருந்தது. உள்ளே டியூப்பும் டூல்ஸும் இருந்ததால் சரி. அந்த இடத்தில் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். இன்னும் அரை வளைவு போயிருந்தால் தொங்கிய கம்பி சில்லுக்குள் போயிருக்கும்.

பையை அவிழ்த்து முதுகில் போட்டுக்கொண்டு வெல்லவாய வரை மெதுவாக உருட்டினேன். அங்கே ஒரு சிங்கள வெல்டிங் பாஸ், வயதானவர், உடைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஆணியால் பெயின்டைச் சுரண்டினார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

முதலாவது, அது கட்டிக் கம்பியே இல்லை. மெல்லிய சுவருள்ள குழாய். முனை திறந்திருந்தால் ஓட்டை தெரியும் என்பதால், கார் பாடியில் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி என்ற பசையால் முனைகளை அடைத்து, தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். இரண்டாவது, ஒட்டு இரும்புக்குள் இறங்கவே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் அழகுக்காக கிரைண்டரால் மட்டமாகச் சீவி, பள்ளத்துக்கும் அதே பட்டி. அந்த வழுவழுப்பு எங்கிருந்து வந்தது என்று பாஸ் விரலால் தடவிக் காட்டினார். மூன்றாவது, மேல் போல்ட் பிரேமில் இல்லை. சிக்னல் லைட் பிடித்திருக்கும் இடத்தில், பிளாஸ்டிக் மட்கார்டோடு.

பாஸ் தன்னிடமிருந்த கட்டிக் கம்பியை வளைத்து, பிரேமில் இரண்டு இடத்தில் பிடித்து, சைலன்சர் பக்கம் தகட்டைப் போல்ட் அடித்துக் கொடுத்தார். பெயின்ட் இல்லை, ஒட்டெல்லாம் திட்டுத் திட்டாகப் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. 4,500 ரூபா. அந்தக் கம்பியோடுதான் யாழ்ப்பாணம் வரை போய்த் திரும்பினேன். துணிக்கு உரச்சாக்கின் உள்ளே வரும் பொலித்தீன் பையை வாங்கிப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து கடைக்குப் போனபோது முதலாளியின் முதல் வார்த்தை, "ஓவர்லோட் ஏத்தியிருப்பீங்க." புறப்படும் முன் சில்லறைக் கடைத் தராசில் நிறுத்த கணக்கைக் காட்டினேன்: வலது 7 கிலோ, இடது 7, மேலே 5. மொத்தம் 19. அவர் சொன்னது 25. அதற்குப் பதில் இல்லை. அப்புறம், பாதையில் வேறு ஆள் கைவைத்துவிட்டதால் தன் பொறுப்பு முடிந்துவிட்டதாம். அப்புறம், பில்லில் கேரண்டி என்று எழுதவில்லையாம். பை? "அது நாங்க செய்றதில்ல, கொழும்புல இருந்து வாங்கி விக்கிறது." ஒரு சதம் திரும்பவில்லை.

இனிக் கேரியர் அடிக்கப் போகிறவர்களுக்கு. பெயின்ட் அடிக்கும் முன் பார்க்க விடாத கடையில் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடித்துவிட்டதாகச் சொன்னால் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒட்டு ஒட்டாக வைத்துப் பாருங்கள். இரும்பில் கப்பென்று பிடிக்கும், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் நழுவும். ஸ்பானரால் கம்பியைத் தட்டினாலும் குழாயின் சத்தம் வேறு. போல்ட் எங்கே போகிறது என்று சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பை வாங்கும்போது உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். தையல் உள்ள பை அங்கேயே அழும். சூட்டில் ஒட்டிய மூட்டும், சுருட்டி மூடும் வாயும் உள்ளதுதான் மழைக்கு நிற்கும். கடைக்காரர் தண்ணீர் ஊற்ற விடவில்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பில் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். கேட்டால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. கம்பியின் அளவு, எத்தனை கிலோ, வாட்டர்புரூப் என்ற வார்த்தை, மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இழுத்தடிக்கிற கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். நான் படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அது தெரிந்ததிலிருந்து முதலாளி கோல் எடுத்து, "அந்த ஒடஞ்ச பீஸைக் கொண்டு வாங்க தம்பி, சும்மாவே ஒட்டித் தாரேன்" என்கிறார். கொடுக்கவில்லை. பட்டி அடைத்த அந்த முனைதான் என் கையிலிருக்கும் அத்தாட்சி. உங்களுக்கும் இப்படி நடந்தால் உடைந்ததைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.